அறிதலும் கொல்லுதலும்: ஓர் ஆங்கில அந்துப்பூச்சியை முன்வைத்து

அறிவைத் தேடுவது நன்று என்னும் கொள்கையை நம்மிற் பெரும்பாலோர் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ளோம். கல்வியையே முதலாகக் கொண்டு வாழ்ந்த யாழ்ப்பாணத்தில் அக்கொள்கை ஏறக்குறைய ஒரு சமய ஆசாரமாகவே நிலைபெற்றுவிட்டது. அதே யாழ்ப்பாணம் கொல்லாமையையும் பேரறமாகப் பேசி வந்துள்ளது. வள்ளுவர் 33ஆம் அதிகாரத்திற் கொல்லாமையையும் 40ஆம் அதிகாரத்திற் கல்வியையும் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் உண்டென்பதை நூலிற் படிப்பவன் எளிதில் உணர்வதில்லை. விலங்கியல் ஆய்வுகூடத்தில் நஞ்சூட்டிய போத்தலைக் கையில் எடுப்பவனே முதலில் உணர்கிறான். ஓர் உயிரை அறிவதற்காக அவ்வுயிரைக் கொல்லலாமா என்பதே அவன் முன் நிற்கும் வினா.

வினாவைப் பொதுப்படக் கேட்டால் விடையும் பொதுப்படவே அமைந்து பயனற்றுப் போகும். ஆகவே ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்ற எவரும் கேள்விப்பட்டதும், இத்தீவில் பறக்கக் கண்டிராததுமான பிஸ்ரன் பெற்றுலாரியா என்னும் அந்துப்பூச்சியே அது. லின்னேயசு 1758இற் பெயரிட்ட இவ்வினம் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்வது. வெண்மையான சிறகில் மிளகுத்தூளைத் தூவினாற் போன்ற கரும்புள்ளிகள். விரித்த சிறகின் அகலம் ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர். ஆணின் உணர்கொம்பு இறகு போன்றது, பெண்ணினது நூல் போன்றது. இது சேர்ந்துள்ள குடும்பத்துக்கு நிலத்தை அளப்பவை என்னும் பொருள்படும் கிரேக்கப் பெயர் வழங்குகிறது. புழுவின் உடல் நடுவிற் கால்கள் இல்லாமையால், அது பின்புறத்தை முன்புறத்தோடு சேர்த்து வளைத்து, மீண்டும் நீட்டி, சாண் போட்டு அளப்பவரைப் போல நகர்கின்றது. தமிழில் வேளாண்மை நூலார் இத்தகைய நடையுடைய புழுவைக் காவடிப்புழு என்பர். அளவையாளனைக் கண்டவன் கிரேக்கன். காவடியைக் கண்டவன் தமிழன். ஆயினும் ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழு இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நடையைப் பார்த்து இட்ட பெயர் உறவைச் சொல்வதில்லை. உறவைச் சொல்லவேண்டுமாயின் சிறகின் நரம்பையும் உடலின் உள்ளுறுப்பையும் பார்த்தாக வேண்டும். அங்கேதான் நமது சிக்கல் தொடங்குகிறது.

இப்பூச்சியின் வரலாறு நன்கு அறியப்பட்டதே. 1848இல் மன்செஸ்ரர் நகரில் முற்றுங் கரிய பூச்சியொன்று பிடிபட்டது. எடில்ஸ்ரன் என்பார் அதனை 1864இற் பதிவுசெய்தார். 1895 அளவில் அந்நகர்ப் பகுதியில் நூற்றுக்கு 98 பூச்சிகள் கரியனவாயின. ஆலைப்புகை மரப்பட்டையிலுள்ள பாசிக்கற்களை அழித்துப் பட்டையைக் கருமையாக்க, வெளிர்நிறப் பூச்சி பறவையின் கண்ணுக்கு எளிதில் அகப்பட்டது என்று 1896இல் ரற் விளக்கினார். 1924இல் ஜே. பி. எஸ். ஹோல்டேன் கணிதத்தாற் காட்டியது இன்னும் வியப்பானது. ஏறக்குறைய ஐம்பது தலைமுறையில் இம்மாற்றம் நிகழவேண்டுமாயின், கரிய வடிவம் மற்றையதைவிட ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்றார் அவர். கூர்ப்பு என்பது எண்ணற்ற ஊழிகளிற் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது என்றிருந்த எண்ணம் அக்கணக்கால் ஆட்டங் கண்டது.

இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். நூற்றுக்கு 98 என்னும் எண் எங்கிருந்து வந்தது? ஆங்கிலக் கனவான்கள் பொழுதுபோக்காகச் சேர்த்த அலமாரிகளிலிருந்து. குண்டூசி குத்திய பூச்சி, அதன் கீழ் இடமும் நாளும் எழுதிய சிறு சீட்டு. இத்தகைய ஆயிரக்கணக்கான பூச்சிகளும் சீட்டுகளும் இன்றேல் ஹோல்டேனுக்குக் கணக்கும் இல்லை. அவர்களுட் பலர் கூர்ப்பை ஆராயவில்லை. அழகையும் அருமையையும் நாடிக் கொன்றனர். அவர்கள் அறியாத வினாவுக்கு அவர்கள் கொன்றவை விடை தந்தன. கொலையை நியாயப்படுத்த இஃது ஒரு வாதமாகுமா? என் கருத்தில் ஆகாது. பின்னால் விளைந்த பயன் முன்னாற் செய்தவனின் நோக்கத்தைத் தூய்மையாக்குவதில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும்: சீட்டு எழுதியவன் தன்னை அறியாமலே அவ்வுயிருக்கு ஒரு கடமையைச் செய்தான். சீட்டில்லாத பூச்சி வெறும் பிணம்.

ஏட்டுச்சுவடிகளை இங்கு ஒப்புநோக்கலாம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே 1887இல், இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றி பிரெடரிக் மூர் எழுதிய மூன்று தொகுதி நூல் இலண்டனில் நிறைவெய்தியது. ஒருவர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். மற்றவர் பூச்சிகளை ஒப்பிட்டு இனபேதம் கண்டார். எது மூலம், எது திரிபு என்னும் வினா இருவருக்கும் ஒன்றே. ஆனாற் படித்து முடித்த பின்னரும் ஏடு ஏடாகவே இருந்தது. மூரின் நூலுக்குப் பேராதனைப் பூங்காவில் தொண்டாற்றிய டீ அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் தீட்டிய படங்கள் இன்றும் கண்ணைக் கவர்வன. எனினும் ஓவியம் மட்டும் போதவில்லை. பெயருக்கு ஆதாரமாக உடல் ஒன்று வேண்டும் என்பது விலங்கியலாரின் நெறி. நீலகிரியில் தேயிலைத் தோட்டஞ் செய்யச் சென்று பூச்சியியலாளராக மாறிய ஜோர்ஜ் ஹம்சன் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் இந்தியாவினதும் இலங்கையினதும் அந்துப்பூச்சிகளை விவரித்தபோதும் இந்நெறியே பின்பற்றப்பட்டது. நமது மண்ணின் பூச்சிகளுக்குப் பெயர்தந்த உடல்கள் பல இன்றும் இலண்டன் அரும்பொருளகத்தில் உள்ளன.

இனி, கொல்லாமல் அறிய முயன்ற கதைக்கு வருவோம். ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த பேர்ணாட் கெற்றில்வெல் 1953இற் பேர்மிங்காம் அருகே புகைபடிந்த காட்டில் 447 கரிய ஆண்பூச்சிகளையும் 137 வெளிர்நிற ஆண்பூச்சிகளையும் சிறகின் அடியிற் புள்ளியிட்டு விடுவித்தார். இரவில் விளக்காலும், கூண்டில் வைத்த பெண்பூச்சிகளாலும் மீள ஈர்த்தபோது கரியவற்றுள் 123உம் மற்றவற்றுள் 18உம் அகப்பட்டன. 1955இற் புகை எட்டாத டோர்செற் காட்டில் விடை தலைகீழாயிற்று: 473 கரியவற்றுள் 30, வெளிர்நிறமான 496இல் 62. பறவைகள் அவற்றைக் கொத்துவதை நிக்கோ ரின்பேர்கன் படம்பிடித்தார்.

கெற்றில்வெல் இங்கே தம் கையாற் கொல்லவில்லை. ஆனால் அறநூல் வழக்கில் வந்த நாம் அவ்வளவில் அவரை விட்டுவிட இயலாது. கொல்லுதல், கொல்வித்தல், கொலைக்கு உடன்படுதல் என மூன்றையும் வேறுபடுத்திப் பார்த்தவை சமண அறநூல்கள். பகலிற் பூச்சியை மரத்தில் வைத்துப் பறவை வருவதைக் காத்திருந்தவர் எவ்வகையினர்? காட்டில் எந்நாளும் பறவை பூச்சியைத் தின்கிறது. அவர் அதனைப் பார்த்தார், அவ்வளவே எனலாம். ஆயின் அவர் விடுத்த பூச்சிகளிற் பல அவரால் வளர்க்கப்பட்டவை. அவை உண்ணப்படும் வேறுபாடே அவர் நாடிய அறிவு. உண்ணப்படாவிடின் அவருக்கு விடையில்லை. எனவே அவர் உடன்பட்டவர் மட்டுமல்லர், ஒரு வகையில் ஏற்பாடு செய்தவருமாவார். இருப்பினும், அப்பூச்சிகளுக்கு நேர்ந்தது அவ்வினத்துக்கு இயல்பான இடரே. சிறகும் காடும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பும் அவற்றுக்கு இருந்தன. போத்தலுள் இடப்பட்டதற்கு அவற்றுள் எதுவும் இல்லை. இவ்வேறுபாடு சிறிதென்று நான் கருதவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. பூச்சிகள் ஓரிடத்தில் அளவுக்கு மிஞ்சி விடப்பட்டன. இயல்பாக அவை தங்கும் இடத்திலன்றி அடிமரத்தில் வைக்கப்பட்டன. பாடநூல்களில் இருநிறப் பூச்சிகளும் அருகருகே தோன்றும் படம் ஆய்வாளர் அமைத்த காட்சியே. இவற்றைச் சுட்டிப் பலர் ஐயுற்றனர். 2002இல் யூடித் ஹூப்பர் எழுதிய நூல் மோசடி என்னும் அளவுக்குச் சென்றது. அக்குற்றச்சாட்டை அறிஞர் ஏற்கவில்லையாயினும் ஐயம் பரவிற்று. அதனைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கேல் மஜெரஸ் தமது தோட்டத்தில் ஆறாண்டுகள் உழைத்தார். 4,864 பூச்சிகளைச் சிறு சிறு தொகையாக விடுத்து, அவை தாமே தேர்ந்த இடத்தில் தங்கவிட்டு, விடியற்காலையிற் பறவை கொத்துவதைத் தொலைநோக்கியாற் பார்த்து எழுதினார். காற்று தூய்மையாகிவிட்ட அக்காலத்திற் கரிய வடிவமே கூடுதலாக இரையாயிற்று. 2009இல் அவர் மறைந்த பின், தோழர் நால்வர் அம்முடிவுகளை 2012இல் வெளியிட்டனர். ரற்றின் விளக்கம் நிலைபெற்றது. ஆனால் முதலாய்வு இன்னும் நிதானமாக நடந்திருப்பின் இரண்டாவதற்கு இத்துணைத் தேவை எழுந்திராது. ஆராய்ச்சியிற் கவனம் என்பது அறிவுத் துறையின் ஒழுங்கு மட்டுமே என்று கருதுகிறோம். உயிர்களோடு பழகும் துறையில் அது அறத்தின் பாற்பட்டதாகவும் ஆகிவிடுகிறது. நிதானமற்ற ஆய்வு ஒரே விடைக்கு இருமுறை உயிர் கேட்கிறது.

ஹோல்டேனிடம் மீள்வோம். அலமாரிப் பூச்சிகளைக் கொண்டு 1924இற் கணக்கிட்ட அதே அறிஞர் 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார். கல்கத்தாவிற் சிலகாலமும் பின்னர் புவனேசுவரத்திலும் பணியாற்றி, இந்தியக் குடியுரிமையும் பெற்றார். அங்கே அவர் வற்புறுத்திய கொள்கைகளுள் ஒன்று வன்முறையற்ற உயிரியல். பறவைகளைக் கொல்லாமலே அறிவியல் முறையில் ஆராய்வது எப்படி என்று 1959இற் கட்டுரை எழுதினார். கொல்லாமை போற்றும் மரபில் வந்த மாணவனை ஐரோப்பிய வழக்கப்படி கத்தியை எடுக்கச் சொல்லி உயிரியலிலிருந்து விரட்டுவது மடமை; அம்மரபே அவனைப் பொறுமையுள்ள நோக்கனாக்கக்கூடும் என்பது அவர் எண்ணத்தின் சாரம். அவரது மாணவர் துரோணம்ராஜு, உண்ணிச்செடியின் வெவ்வேறு நிறப் பூக்களுக்கு எவ்வெவ் வண்ணத்துப்பூச்சிகள் செல்கின்றன என்று எண்ணினார். ரி. ஏ. டேவிஸ் தென்னையின் ஓலைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதை மரம் மரமாக நோக்கினார். செலவில்லை, கருவியில்லை, கொலையுமில்லை. தென்னையும் பனையும் நிறைந்த நமது குடாநாட்டில் இத்தகைய ஆய்வுக்கு என்ன தடையென்று கேட்கத் தோன்றுகிறது. 1964இல் ஹோல்டேன் இறந்தபோது, அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயிலுமாறு வழங்கப்பட்டது. பூச்சிக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது: இசைவு கூறும் வாய்ப்பு. அதனை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

எனினும் ஹோல்டேனின் வழி எல்லா வினாவுக்கும் பொருந்தும் எனல் மிகையாகும். மிளகுப்புள்ளிப் பூச்சியைச் சுவரிற் கண்டதும் பெயர் சொல்லிவிடலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த யூபித்தீசியா என்னும் சிறு பூச்சிகளுட் பலவற்றை அவ்வாறு சொல்ல இயலாது. சிறகால் ஒன்றுபோலவே தோன்றும் இனங்களை, இறந்த உடலின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தே பிரித்தறிவர். கொல்லமாட்டேன் என்பவன் இங்கே அறியமாட்டேன் என்றும் சொல்லவேண்டியவனாகிறான். அறியாமை தூய்மையானது போலத் தோன்றும். ஆனால் அதற்கும் விலையுண்டு. பெயரில்லாத இனத்தைச் சட்டம் காப்பதில்லை. ஒரு பற்றைக்காட்டை வெட்டி வீதி போடும்போது அங்கே என்ன இருந்தது என்று எவராலும் சொல்லமுடியாதெனின், அழிந்தவற்றின் கணக்கும் இல்லாமற் போகும். ஒரு பூச்சியைக் கொல்ல மறுத்தவன் ஓர் இனம் அழிவதைக் கவனியாதிருத்தல் கொல்லாமையாகுமா?

உணர்ச்சியின் அளவைக் கொண்டு இதனைத் தீர்க்கலாம் என்பார் உளர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணால் வரிசைப்படுத்தினார். சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின. நாலறிவுயிரைக் கொல்வது ஐயறிவுயிரைக் கொல்வதினும் சிறிய பாவம் என்று பொருள்கொள்ளும் ஆசை நமக்கு உண்டு. நூல் அவ்வாறு கூறவில்லை. அன்றியும் எண்ணிக்கையே ஐயத்துக்குரியது. நாம் எடுத்துக்கொண்ட இப்பூச்சியின் புழு, தான் இருக்கும் சுள்ளியின் நிறத்துக்கு ஏற்பத் தன் நிறத்தை மாற்றும். அதன் கண்களை வண்ணம் பூசி மறைத்த பின்னரும் அது நிறத்தை அறிந்து மாறியது என்று 2019இல் ஆய்வாளர் வெளியிட்டனர். தோலே ஒளியை உணர்கிறது. தோலாற் பார்க்கும் உயிருக்கு எத்தனை அறிவு என்று வகுப்பது? அவ்வாய்வில் புழுவுக்குக் கட்டிய திரையால் நமது அறியாமை அல்லவா வெளிப்பட்டது.

நமது ஊர்க் கொல்லாமையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். விரதநாளிற் புலால் தொடாத வீட்டில், முருங்கை அடிமரத்தில் மொய்த்த மயிர்க்கொட்டிகளைச் சூள் கொளுத்திச் சுடுவதற்கு எவரும் தயங்குவதில்லை. கோப்பாயிலும் நீர்வேலியிலும் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் மருந்து ஒரு காலைப்பொழுதிற் கொல்லும் பூச்சிகளை எந்த அரும்பொருளகமும் ஒரு நூற்றாண்டிற் கொன்றிராது. அம்மருந்து சுண்ணக்கற் பாறையின் வழியே கிணற்றுக்கும் செல்லலாம். கமக்காரனைக் குறைகூற இதனை எழுதவில்லை; அவன் பிழைப்பு அது. ஆயின் மருந்துக்குக் கண்மூடி, மாணவனின் குண்டூசிக்கு மட்டும் முகஞ்சுழிக்கும் அறம் உயிரைக் கருதியதன்று. காணும் நமது கூச்சத்தைக் கருதியது.

மனிதரின் இறப்புக்கே கணக்கில்லாத மண்ணில் பூச்சியின் இறப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்றும் கேட்கப்படலாம். கேட்கத்தக்க கேள்வியே. 1983 முதல் 2009 வரை நாம் கண்டவற்றின் பின்னர் இது ஆடம்பரமான கவலை போலத் தோன்றும். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் யாம் போத்தல் விளக்கடியிற் படித்த தலைமுறைக்கு, விளக்கில் விழுந்து கருகும் விட்டிலைத் தள்ளிவிட்டுப் படிப்பதே வழக்கமாயிருந்தது. ஆனால் பெயர், இடம், நாள் என்னும் மூன்றும் எழுதப்படாமல் மறைந்து போதல் என்றால் என்ன என்பதை நம்மிலும் நன்கு அறிந்தவர் சிலரே. ஒரு பூச்சியின் கீழ் அம்மூன்றையும் எழுதுமாறு கேட்பது நமக்கு அந்நியமான கோரிக்கையாக இருக்கக்கூடாது.

ஆகவே என் நிலைப்பாடு இதுவே. வினா புதிதாயும், கொல்லாமல் விடைகாண வழியில்லாததாயும் இருப்பின், வேண்டிய அளவுக்குக் கொல்லுதலை நான் மறுக்கவில்லை. அது குற்றமற்றதென்றும் சொல்லேன். விடை ஏற்கெனவே நூலில் உள்ளதாயின், மதிப்பெண்ணுக்காக மட்டும் கொல்லுதல் வீண். விலங்கியல் பயில்வோர் ஒவ்வொருவரும் பூச்சிப்பெட்டி ஒன்றை ஒப்படைக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் இருந்து வந்துள்ளது. அப்பெட்டிகளுட் பெரும்பாலானவை ஆண்டிறுதியிற் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குச் செல்வன. அவற்றால் எந்த இனமும் அறியப்பட்டதில்லை. ஒரு வகுப்புக்கு ஒரு பெட்டி, அதுவும் நன்கு பேணப்பட்டு அடுத்தடுத்த வகுப்பினருக்குப் பயன்படுவது, போதாதா என்று விரிவுரையாளர்கள் எண்ணிப்பார்க்கலாம். மாணவன் பார்க்கக் கற்கவேண்டும் என்பதே நோக்கமாயின், பெட்டியைவிட நோட்டுப்புத்தகம் நல்ல ஆசான்.

வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, அதன்முன் விளக்கொன்றை ஏற்றினால், மாரியின் முதல் மழைக்குப் பின் வரும் இரவுகளில் திருநெல்வேலியின் எந்த வளவிலும் அந்துப்பூச்சிகள் வந்து தங்கும். தங்கும் நிலை, நேரம், நிறம், காற்று, நிலவு யாவற்றையும் எழுதலாம், கைபேசியாற் படமெடுக்கலாம், சிறகை மடியாது விரித்து, சுவரோடு ஒட்டித் தங்குவனவற்றுள் காவடிப்புழுவின் குடும்பத்தினவற்றைத் தனியே பிரித்து எண்ணலாம். விடியுமுன் விளக்கை அணைத்துவிடவேண்டும். இல்லையேல் காகமும் செண்பகமும் வேட்டியடியிலேயே காலையுணவை முடித்துவிடும். படத்தாற் பெயர் காணமுடியாதவை சில எஞ்சும். அவற்றுள் ஒன்றை எடுப்பதா விடுவதா என்பதை அன்றிரவே தீர்மானிக்காமல், அது மீண்டும் மீண்டும் வருகிறதா என்று ஒரு பருவம் காத்திருந்து பார்க்கலாம்.